மடியிலா, தோளிலா, கையிலா: பழைய கையடக்க ஒலிப்பதிவுக் கருவிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது?

நாடாவில் ஒலி பிடிக்கும் பழைய கருவி ஒன்றை வாங்க வேண்டும், ஒன்றுக்கு மேல் வாங்க வசதியில்லை, எதை எடுப்பது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் நான்கு பெயர்களில் வந்து நிற்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் நாக்ரா, மேற்கு ஜெர்மனியின் ஊஹர் ரிப்போர்ட், ஜப்பானின் சோனி டி.சி.-டி5எம், அதே சோனியின் வாக்மன் புரொபஷனல் டபிள்யூ.எம்.-டி6சி ஆகியவையே அந்த நான்கு. எதில் ஒலி தெளிவாக இருக்கும் என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வியாக இருக்கிறது. நாக்ரா ஒரு படி மேலே நிற்கும் என்பது உண்மை என்றாலும், நல்ல நிலையில் உள்ள ஒரு கருவியை ஒழுங்காகக் கையாண்டால் நான்குமே மனிதக் குரலையும் இசையையும் மனம் நிறையும் அளவுக்குப் பிடித்துத் தரும். வாங்கிய ஆறாவது மாதத்தில் அந்தக் கருவி கையில் இருக்குமா, பரணில் இருக்குமா என்பதைத் தீர்மானிப்பது அதன் வடிவமைப்பு.

வடிவமைப்பு என்று நான் சொல்வது அழகை அல்ல. இந்த நான்கையும் உருவாக்கியவர்கள், ஒலிப்பதிவு நடக்கும்போது கருவி மனித உடலில் எந்த இடத்தில் தங்கும் என்ற கேள்விக்கு நான்கு வேறு விடைகளைக் கண்டார்கள். எடை, முள் காட்டும் மீட்டரின் இடம், குமிழ்களின் பருமன், செல் அறையின் வாசல் எல்லாம் அந்த விடையைப் பின்பற்றியே அமைந்தன. ஆகவே அதே கேள்வியை வாங்குபவரும் தன்னிடம் கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

## எவற்றை வைத்து எடை போடுவது

உடலில் அமரும் இடம். மடியில் அல்லது மேசையில் கிடையாக வைத்து வேலை செய்யப் போகிறீர்களா, தோளில் மாட்டிக்கொண்டு நடக்கப் போகிறீர்களா, ஒரு கையில் பிடித்தபடி மறுகையில் மைக்கை நீட்டப் போகிறீர்களா என்பதே முதல் அளவுகோல்.

கண்ணும் காதும். பதிவின் அளவைக் காட்டும் மீட்டரைக் கழுத்தை வளைக்காமல் பார்க்க முடிய வேண்டும். அதைவிட முக்கியமானது, நாடாவைத் தொட்டு ஒலியைப் பதியும், படிக்கும் காந்த முனைகளான ஹெட்டுகளின் எண்ணிக்கை. அழிக்க ஒன்று, பதிய ஒன்று, ஒலிக்க ஒன்று என மூன்று ஹெட்டுகள் இருந்தால், நாடாவில் உண்மையில் என்ன பதிந்தது என்பதை ஒரு நொடிக்குள்ளாகவே ஹெட்போனில் கேட்கலாம். பதிவுக்கும் ஒலிப்புக்கும் ஒரே ஹெட் என்றால், நீங்கள் கேட்பது மைக்கிலிருந்து வருவதைத்தான். நாடா அழுக்கேறி எதையும் பிடிக்காமல் போயிருந்தாலும் காது அதை அறியாது.

தவறு செய்ய விடாத அமைப்பு. பதிவுப் பொத்தான் கைதவறி அழுந்தினால் பழைய பதிவு அழிந்துவிடும். இதற்கு உலகம் அறிந்த எடுத்துக்காட்டு வெள்ளை மாளிகையில் நடந்தது. அதிபர் நிக்சனின் அறைகளில் உரையாடல்களைப் பதிந்தவை சோனி டி.சி.-800பி என்ற கையடக்க ரீல் கருவிகள். அவற்றைக் கேட்டு எழுத அவருடைய செயலாளர் ரோஸ் மேரி வுட்ஸ் பயன்படுத்தியது ஊஹர் 5000 என்ற அலுவலகக் கருவி. வாட்டர்கேட் ஊழல் விசாரணையில் கேட்கப்பட்ட 1972 ஜூன் 20-ஆம் தேதியின் பதிவில் பதினெட்டரை நிமிடம் வெறும் இரைச்சலாக இருந்தபோது, தொலைபேசியை எடுக்கத் திரும்பிய வேளையில் நிறுத்தும் பொத்தானுக்குப் பதிலாகப் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டேன், காலும் மிதியிலேயே இருந்துவிட்டது, ஆனாலும் அழிந்தது ஏறக்குறைய ஐந்து நிமிடமே இருக்கும் என்று அவர் விளக்கினார். அவர் அந்த நிலையில் உடலை நீட்டி வளைத்துக் காட்டிய புகைப்படத்தைக் கண்டவர்கள் பலர் அதை நம்பவில்லை. தொழில்நுட்ப வல்லுநர் குழுவும் குறைந்தது ஐந்து தனித்தனி அழிப்புகளின் தடயம் இருப்பதாகக் கண்டறிந்தது. அரசியல் எப்படி இருந்தாலும், ஒரு பொத்தானின் இடத்தை வைத்து ஒரு நாடே வாதாடியது என்பதை வடிவமைப்பாளர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

மூப்பு. இந்தக் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு இன்று நாற்பது வயதைக் கடந்துவிட்டது. உலோகம் நிற்கும், ரப்பர் நிற்காது. பெல்ட் இளகித் தார் போல ஆகும். நாடாவை அழுத்தி இழுக்கும் பிஞ்ச் ரோலர் கெட்டிப்படும் அல்லது பிசுபிசுக்கும். மறந்து விட்ட செல்கள் கசிந்து தகடுகளை அரிக்கும். கருவி திறந்து பார்க்க இடம் கொடுக்கிறதா என்பதே இங்கே அளவுகோல்.

நாடா. ரீல் நாடா இன்றும் புதிதாகத் தயாராகிறது, ஆனால் விலை அதிகம். கேசட்டும் தயாராகிறது, பெரும்பாலும் சாதாரண முதல் வகை மட்டும். உலோகத் துகள் பூசிய உயர்தர மெட்டல் கேசட் வேண்டுமானால் பழைய இருப்பைத்தான் தேட வேண்டும்.

விவரங்களை ஒரே பார்வையில் காண:

| | நாக்ரா 4.2 | ஊஹர் 4000 ரிப்போர்ட் | சோனி டி.சி.-டி5எம் | சோனி டபிள்யூ.எம்.-டி6சி |
|---|---|---|---|---|
| காலம் | 1970கள் (முன்னோடியான நாக்ரா 3: 1958) | 1961 முதல் | 1980 முதல் | 1984 முதல் |
| நாடா | கால் அங்குல ரீல் | கால் அங்குல ரீல் | கேசட் | கேசட் |
| மின்சாரம் | 12 பெரிய டார்ச் செல் | 5 பெரிய டார்ச் செல் | 2 பெரிய டார்ச் செல் | 4 பென்டார்ச் செல் |
| உடலில் இடம் | மடி, மேசை, தள்ளுவண்டி | தோள், செங்குத்தாக | தோள், இடுப்பருகே | கை, கோட்டுப் பை |
| ஹெட்டுகள் | பதிவுக்கும் ஒலிப்புக்கும் தனித்தனி | பெரும்பாலானவற்றில் ஒன்றே | ஒன்றே | ஒன்றே |
| முதலில் கெடுவது | பிஞ்ச் ரோலர் | ரப்பர், செல் அறை | பெல்ட், ரோலர் | நடுப் பல்சக்கரம், மின்தேக்கிகள் |

## நாக்ரா: மடிமீது ஒரு பதிவுக்கூடம்

வார்சாவில் 1929-இல் பிறந்து, போரின்போது குடும்பத்தோடு நாட்டை விட்டு வெளியேறி, லொசானில் பொறியியல் படித்த ஸ்டெஃபான் குடெல்ஸ்கி 1951-இல் தன் முதல் கருவியைச் செய்தபோது அதற்குத் தாய்மொழியில் பெயர் வைத்தார். போலிஷ் மொழியில் நாக்ரா என்றால் 'பதிவு செய்யும்' என்று பொருள். அந்த முதல் கருவியில் கடிகாரத்தைப் போலக் கைப்பிடியால் முறுக்கும் சுருள்வில்தான் நாடாவை ஓட்டியது, உள்ளே சிறிய வெற்றிடக் குழாய்கள் (வால்வுகள்) இருந்தன. 1958-இல் வந்த நாக்ரா 3 டிரான்சிஸ்டர்களுக்கு மாறியது. மோட்டாரோடு சேர்ந்து சுழலும் பல்சக்கரம் ஒன்றின் துடிப்புகளை எண்ணி, வேகம் கூடினாலும் குறைந்தாலும் அக்கணமே திருத்தும் மின்சுற்று அதில் இருந்தது. செல் வலுவிழந்தாலும், கருவியைச் சாய்த்தாலும், குளிரில் எண்ணெய் இறுகினாலும் வேகம் மாறாது என்ற உறுதியை அந்த அமைப்புதான் தந்தது. திரைப்படக் கேமராவோடு ஒத்திசைய வேண்டிய துடிப்பையும் அதே நாடாவில் பதியும் வசதி 1960களின் தொடக்கத்தில் சேர்ந்தபின், வெளிப்புறப் படப்பிடிப்பின் ஒலி என்றாலே நாக்ரா என்றாயிற்று. ஹாலிவுட்டின் அகாதமி அவருக்குப் பல தொழில்நுட்ப விருதுகளோடு 1990-இல் கோர்டன் இ. சாயர் விருதையும் வழங்கியது.

இதன் முகப்பைப் பார்த்தால் அலங்காரம் என்று ஒன்றும் இல்லை. அலுமினியப் பலகை, பொறித்த எழுத்துகள், கையுறை அணிந்த விரலுக்கும் பிடிபடும் குமிழ்கள் ஆகியவற்றோடு சரி. முக்கியச் சுழல்விசை ஒன்றே ஒன்று. நிறுத்தத்திலிருந்து ஒரு பக்கம் திருப்பினால் பதிவு, மறுபக்கம் திருப்பினால் ஒலிப்பு. விசையின் கோணத்தை விரலால் தடவியே இருட்டில்கூடக் கருவி எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். தவறு செய்ய விடாத அமைப்பு என்ற அளவுகோலில் இதற்கு நிகர் இந்த நான்கில் இல்லை. அளவைக் காட்டும் மீட்டரும் சராசரியைக் காட்டாமல் திடீர் உச்சங்களைத் துரத்திப் பிடிப்பது. பதிந்த ஒலிக்கும் வரும் ஒலிக்கும் இடையே காதை மாற்றிக்கொள்ள ஒரு விசை உண்டு. பழகிய பதிவாளரின் விரல் அதை விட்டு அகலாது.

குறைகளும் அந்த நோக்கத்திலிருந்தே வருகின்றன. பன்னிரண்டு பெரிய செல்களோடு எடை ஆறு கிலோவைத் தாண்டும். மூடியை மூடி வைத்தால் 13 செ.மீ. ரீல்தான் கொள்ளும், 18 செ.மீ. ரீலைப் போட்டால் மூடியைத் திறந்தே வைக்க வேண்டும், தூசுக்கும் தூறலுக்கும் அப்போது தடையில்லை. 270 மீட்டர் நாடா கொண்ட சிறிய ரீல், நொடிக்கு 19 செ.மீ. வேகத்தில் இருபத்து நான்கு நிமிடத்துக்குள் தீர்ந்துபோகும், 38 செ.மீ. வேகத்தில் பன்னிரண்டு நிமிடம். ஒரு மணி நேரக் கச்சேரியைப் பதிய எத்தனை ரீல் வேண்டும், ஒவ்வொன்றின் விலை என்ன என்று வாங்குவதற்கு முன்பே கணக்குப் போட்டுவிடுங்கள்.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது போக்குவரத்தும் சுங்க வரியும். எடை இவ்வளவு இருக்கும் பொருளுக்கு அஞ்சல் கட்டணமே கண்ணைக் கட்டும். இரண்டாவது, ஹெட்டுகளைச் சீரமைக்கத் தேவைப்படும், தெரிந்த அளவில் ஒலி பதிந்த அளவீட்டு நாடா. மூன்றாவது பிஞ்ச் ரோலர். நாக்ராவிலும் அந்த ரப்பர் இளகிப் பிசுபிசுக்கும், புதிதாக ரப்பர் ஏற்றித் தருபவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். ஆனால் ஒரு பெரிய ஆறுதல் உண்டு. மூடியைத் திறந்தால் உள்ளே ஒவ்வொரு பகுதியும் தனித்தனியாகக் கழற்றக்கூடியதாக, கழற்றுபவரை எதிர்பார்த்தே வைத்தது போல இருக்கும். 4.2-இல் மைக்கின் வகைக்கு ஏற்ப முன்பெருக்கிப் பலகையையே உருவி மாற்றலாம். பழுதுபார்க்க இப்படி வாசல் திறந்து வைத்த கருவியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

உட்கார்ந்து பதிபவர்களுக்கும், குறும்படத்தில் பழைய முறையில் ஒலி பிடிக்க நினைப்பவர்களுக்கும், கருவி தன் பேரப்பிள்ளைகளிடம் ஓடும் நிலையிலேயே போய்ச் சேர வேண்டும் என்று எண்ணுபவர்களுக்கும் நாக்ரா பொருந்தும். நடந்துகொண்டே பதிபவர் இதை எடுத்தால் ஒரு வாரத்தில் முதுகு பேசும்.

இங்கே ஒரு கிளைக்கதை. இதே நிறுவனம் முதலில் அமெரிக்க இரகசியப் பணிகளுக்காக உருவாக்கிய நாக்ரா எஸ்.என். என்ற குட்டிக் கருவி உள்ளங்கையில் அடங்கும். இடத்தையும் மின்சாரத்தையும் மிச்சப்படுத்த, நாடாவைத் திருப்பிச் சுற்றும் வேலையை மோட்டாரிடம் கொடுக்காமல், மடித்து வைக்கக்கூடிய ஒரு சிறு கைப்பிடியிடம் கொடுத்துவிட்டார்கள். தட்டெழுத்துப் பொறியின் நேர்த்தியோடு அதைச் சுற்றுவது ஒரு சுகம். அதற்கான நாடாவும் ரீலும் கிடைப்பது அரிது என்பதால் இந்தத் தேர்வுப் பட்டியலில் அதைச் சேர்க்கவில்லை.

## ஊஹர் ரிப்போர்ட்: தோளில் தொங்கும் நிருபர்

மியூனிக்கில் இருந்த ஊஹர் நிறுவனம் 1961-இல் வெளியிட்ட 4000 ரிப்போர்ட், பெயருக்கு ஏற்றபடி செய்தியாளரை மனத்தில் வைத்துச் செய்தது. நாக்ராவைவிட ஏறக்குறைய பாதி எடை, ஐந்து செல்கள், அதே 13 செ.மீ. ரீல். இதில் என்னை வியக்க வைப்பது பொத்தான்களின் இடம். இயக்கும் விசைகளும் மீட்டரும் குமிழ்களும் கருவியின் ஒடுங்கிய முன்விளிம்பில் வரிசையாக இருக்கின்றன. மேசையில் கிடத்தினால் அந்த விளிம்பு உங்களைப் பார்க்கும். தோல் உறையில் போட்டுத் தோளில் தொங்கவிட்டால் அதே விளிம்பு மேலே திரும்பி, குனிந்து பார்க்கும் கண்ணுக்கு நேராக வரும். ஒரே முகப்பு இரண்டு நிலைகளுக்கும் உதவுகிறது. மைக்கிலேயே உள்ள விசையால் நாடாவை ஓட்டவும் நிறுத்தவும் முடியும் என்பதால், பேட்டி காண்பவர் கருவியைத் தொடாமலேயே வேலையை முடிக்கலாம். பிபிசி வானொலியின் செய்தியாளர்கள் பல ஆண்டுகள் இதைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிந்ததற்குக் காரணம் ஒலித்தரம் மட்டும் அல்ல.

நான்கு வேகங்கள் இருப்பது இன்னொரு வசதி. 270 மீட்டர் நாடா 19 செ.மீ. வேகத்தில் இருபத்து நான்கு நிமிடம் வந்தால், 9.5-இல் நாற்பத்தேழு நிமிடமும், மிகக் குறைந்த 2.4 செ.மீ. வேகத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேலும் வரும். கடைசி வேகம் பேச்சைக் குறித்துக்கொள்ள மட்டுமே உதவும், அதில் பாட்டைப் பதிந்தால் பாடியவர் கோபித்துக்கொள்வார்.

ரிப்போர்ட் என்ற பெயரில் பல வகைகள் இருப்பதால் வாங்கும்போது கவனம் தேவை. 4000 ஒற்றை ஒலித்தடம். 4200, 4400 ஸ்டீரியோ, ஆனால் இவை இரண்டும் தடங்களைப் பிரிக்கும் முறையில் வேறுபடுகின்றன, ஒன்றில் பதிந்ததை மற்றொன்றில் கேட்டால் சரியாக வராது. மூன்று ஹெட்டு வேண்டுமானால் ரிப்போர்ட் மானிட்டர் என்ற பெயர் உள்ளதைத் தேடுங்கள்.

மறைந்த செலவு என்றால் ஊஹரில் அது மூப்புதான். ரப்பர்ப் பாகங்கள் பல. எல்லாவற்றையும் மாற்றாமல் வேகம் நிலைபெறாது. நான் அஞ்சல் வழியே வாங்கிய ஒன்றில், விற்றவர் 'ஓடும் நிலை' என்று சொல்லியிருந்தும், செல் அறையைத் திறந்தபோது பச்சை பூத்த தகடுகள்தான் வரவேற்றன. காடித் துடைப்புக்கும் புதுத் தகடுகளுக்கும் ஆன செலவு கருவியின் விலையில் பாதியைத் தொட்டது. மைக்கும் வெளி இணைப்புகளும் அக்கால ஜெர்மன் தரநிலையான டின் (DIN) வகை என்பதால், இன்றைய வடங்களை மாட்ட ஒவ்வொன்றுக்கும் இடைத்துண்டு செய்ய வேண்டியிருக்கும். சாலிடர் பிடிக்கத் தெரிந்தவருக்கு அது ஒரு மாலை நேர வேலை. தெரியாதவருக்குத் தீராத தொல்லை.

ரீல் சுழல்வதைப் பார்க்கும் இன்பமும் வேண்டும், தெருவில் இறங்கி நடக்கவும் வேண்டும், நாக்ராவுக்குக் கொடுக்கப் பணமும் இல்லை, கையில் ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தயக்கமும் இல்லை என்றால் ஊஹரை எடுங்கள். இந்த நான்கில் பொதுவாக மலிவாகக் கிடைப்பதும் இதுவே. பழுதுபார்க்க ஆளில்லாத ஊரில் இருப்பவர் இதை விட்டுவிடுவது நல்லது.

## சோனி டி.சி.-டி5எம்: கேசட்டுக்குக் கிடைத்த மரியாதை

கேசட் பிறந்தபோது யாரும் அதை இசைக்காக எண்ணவில்லை. பிலிப்ஸின் பெல்ஜியக் கிளையில் லூ ஓட்டென்ஸ் தலைமையிலான குழு, ஓட்டென்ஸின் கோட்டுப் பைக்குள் நுழையும் ஒரு மரக்கட்டையை வெட்டி, கருவி இதைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது என்று அளவு வைத்துக்கொண்டது. 1963 ஆகஸ்டில் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் வெளியான இ.எல். 3300-இல், ஓட்டவும் முன்னும் பின்னும் சுற்றவும் ஒரே விசையை வெவ்வேறு திசையில் தள்ளினால் போதும். நாடாவைக் கோக்கத் தெரியாதவரும் பதியலாம் என்றானது. அழிப்பிலிருந்து காக்கும் வேலையைக்கூடக் கேசட் தன்னிடம் எடுத்துக்கொண்டது. பின்விளிம்பில் உள்ள சிறு நெகிழித் துண்டை உடைத்துவிட்டால் எந்தக் கருவியும் அதன்மேல் பதியாது. ரோஸ் மேரி வுட்ஸ் சந்தித்த சிக்கலுக்குப் பத்தாண்டு முன்பே கிடைத்த விடை அது. இ.எல். 3300 அலமாரியில் வைக்க மிக அழகானது, வேலைக்கு வாங்க வேண்டாம்.

டி5எம் அந்தக் கேசட்டை ஒரு தொழில்முறைக் கருவியின் தோரணையில் நடத்தியது. 1978-இல் வந்த டி.சி.-டி5-ஐத் திருத்தி மெட்டல் நாடாவுக்கு ஏற்றதாக 1980-இல் வெளியிட்டார்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக விற்பனையில் இருந்தது. செல்கள் இல்லாமல் இரண்டு கிலோவுக்கும் குறைவு. கனத்த புத்தகம் ஒன்றின் பருமனில், தோள்வாரோடு இடுப்பருகே படிந்து கிடக்கும். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி முள் மீட்டர்கள், தடித்த ஜாக்கை ஏற்கும் மைக் வாய்கள், உச்ச ஒலியை அடக்கும் லிமிட்டர், நாடாவின் இரைச்சலைக் குறைக்கும் டால்பி பி, பதிந்ததை அங்கேயே நாலு பேருக்குப் போட்டுக் காட்ட ஒரு சிறு ஸ்பீக்கர் எல்லாம் உண்டு. வெறும் இரண்டு டார்ச் செல்லில் இத்தனையும் ஓடுவதுதான் இதன் சாதனை. பன்னிரண்டு செல்லைச் சுமந்தவருக்கே அதன் அருமை தெரியும்.

களத்தில் ஒலி பிடிப்பவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். நாட்டுப்புறப் பாடல்களையோ வட்டார வழக்கையோ பதியப் போகிறவர் பாடுபவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். கருவியைப் பார்க்கும் நேரம் கண்ணிமைப் பொழுதுதான். முள் மீட்டர் அந்தப் பொழுதுக்குள் செய்தியைச் சொல்லிவிடும். ஆனால் ஹெட் ஒன்றே என்பதால், ஒவ்வொரு பதிவுக்கு முன்னும் சில நொடி பதிந்து, திருப்பிக் கேட்டு, பிறகே தொடங்கும் வழக்கத்தை விடக் கூடாது. கேசட்டின் ஒரு பக்கம் தீர்ந்ததும் திருப்பிப் போட ஆகும் அந்த இடைவெளியில்தான் பாட்டி மிக நல்ல வரியைப் பாடுவார் என்பதும் அனுபவம்.

மறைந்த செலவு: பெல்ட்டும் ரோலரும் மாற்ற வேண்டியிருக்கும், அவை கிடைக்கின்றன. கேசட் கருவிகளைப் பழுதுபார்த்துப் பழகிய மூத்த கைகள் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் இன்னும் சில உண்டு என்பதால், ரீல் கருவிகளைவிட இதற்கு வழி எளிது. அண்மை ஆண்டுகளில் விலை ஏறியிருப்பதே பெரிய தடை.

## வாக்மன் புரொபஷனல் டபிள்யூ.எம்.-டி6சி: கைக்குள் குவார்ட்ஸ்

வாக்மன் என்ற பெயரைக் கேட்டுப் பலர் இதைப் பாட்டுக் கேட்கும் பொம்மை என்று நினைத்துவிடுகிறார்கள். 1984-இல் வந்த இது, மோட்டாரின் வேகத்தைக் குவார்ட்ஸ் படிகத்தோடு பூட்டி வைத்த பதிவுக் கருவி. வேகத்தில் தோன்றும் அலைவு 0.04 விழுக்காடு என்று சோனி அறிவித்தது. வீட்டில் வைக்கும் பெரிய கேசட் டெக்குகளுக்கே அக்காலத்தில் அது கௌரவமான அளவு. நான்கு பென்டார்ச் செல்களோடு சேர்த்தும் எடை முக்கால் கிலோ அளவுதான்.

இவ்வளவு சிறிதாக்கக் கொடுத்த விலை என்ன என்பதையும் பார்க்க வேண்டும். முள் மீட்டருக்கு இடமில்லை, சில சிவப்பு, பச்சை விளக்குகள்தான் அளவைக் காட்டும். இருட்டில் அவை தெளிவாகத் தெரியும், நடு வெயிலில் உள்ளங்கையால் நிழல் கட்டிப் பார்க்க வேண்டும். பதிவு அளவுக்கு ஒரே குமிழ் என்பதால் இடம், வலம் பக்கங்களைத் தனித்தனியாகச் சரிக்கட்ட முடியாது. லிமிட்டர் இல்லை, தவில்காரர் எதிர்பாராமல் ஓங்கி அடித்தால் பதிவு கிழிந்துவிடும். ஸ்பீக்கர் இல்லை. 3.5 மி.மீ. மைக் வாய் அடிக்கடி கழற்றி மாட்டுவதைப் பொறுத்துக்கொள்ளாது.

மூப்பு என்ற அளவுகோலில் இதுதான் நான்கிலும் சிக்கலானது. உள்ளே பாகங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக நெருங்கிக் கிடப்பதால், ஒன்றைத் தொட மூன்றைக் கழற்ற வேண்டும். நடுவில் உள்ள நெகிழிப் பல்சக்கரம் விரிசல் விடுவது நன்கு அறியப்பட்ட நோய். அதற்கு மாற்றுச் சக்கரம் செய்து விற்கிறார்கள். மின்தேக்கிகள் கசிந்திருந்தால் நுண்ணிய கைவேலை தெரிந்தவர் வேண்டும். பழுதுக் கூலி கருவியின் விலையைத் தாண்டிப் போவதும் நடக்கக்கூடியதே.

அப்படியானால் யாருக்கு இது? பயணத்தில் பையின் ஓரத்தில் செருகி வைத்து, சந்தை இரைச்சலையோ ரயில் நிலைய அறிவிப்பையோ யார் கண்ணிலும் படாமல் பிடிக்க விரும்புபவருக்கு. வீட்டில் குவிந்து கிடக்கும் பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்ற நினைப்பவருக்கும் இது நல்ல துணை. ஒலிக்கும்போது வேகத்தைச் சற்றே கூட்டிக் குறைக்கும் வசதி இருப்பதால், சுருதி தளர்ந்து பதிந்த பழைய கச்சேரிகளை இழுத்துப் பிடிக்கலாம். அந்த ஒரு காரணத்துக்காகவே இதை வைத்திருக்கும் இசைப் பித்தர்கள் உண்டு.

## நம் தட்பவெப்பமும் விற்பவரிடம் கேட்க வேண்டியவையும்

குளிர்நாட்டில் ஐம்பது ஆண்டு நலமாக இருந்த நாடா நம் கடற்கரை ஊர்களில் ஐந்தே மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். 1970கள், 80களின் சில ரீல் நாடாக்களில், காந்தத் தூளைப் பிடித்து வைத்திருக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சி, ஓட்டும்போது ஹெட்டில் பிசுபிசுப்பாக ஒட்டும். அத்தகைய நாடாவை அழுத்தி ஓட்டினால் அதில் உள்ள ஒலியும் உரிந்து போய்விடும். ஆகவே ரீல் கருவியை எடுப்பவர், காற்றுப் புகாத பெட்டிக்கும் ஈரம் உறிஞ்சும் பைகளுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்க வேண்டும். கேசட்டுக்கும் இது வேண்டும், ஆனால் அளவு சிறிது.

முன்பணம் அனுப்பும் முன் விற்பவரிடம் மூன்று கேளுங்கள். செல் அறையின் உட்புறத்தைக் காட்டும் தெளிவான படம். மூடியின் படத்தைவிட இது பத்து மடங்கு உண்மை பேசும். பிறகு, பியானோவின் நீண்ட சுரங்கள் பதிந்த ஒரு நாடாவை அந்தக் கருவியில் ஓட்டி எடுத்த ஒலிப்பதிவு. வேகம் தள்ளாடினால் பாட்டில் மறைந்துவிடும், பியானோவில் மறையாது. மூன்றாவதாக, நாடாவின் தொடக்கத்திலும் முடிவிலும் தனித்தனியாக ஒரு நிமிடம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பக்க ரீல் கனமாகவும் மறுபக்கம் இலேசாகவும் இருக்கும் அந்த இரு முனைகளில்தான் தேய்ந்த ரப்பர் தன்னைக் காட்டிக்கொடுக்கும். இந்த மூன்றையும் அனுப்பத் தயங்குபவரிடம் நாக்ராவே பாதி விலைக்கு வந்தாலும் வேண்டாம்.